உருகாமல் ஓடும் உலோகம்

பெங்களூருக்கு வடக்கே எலஹங்காவில் இந்திய ரயில்வேயின் சக்கரத் தொழிற்சாலை இருக்கிறது. 1984 முதல் இயங்கும் அந்த வளாகத்தில், ஒன்றோடொன்று சேர்ந்தே ஓடப்போகிற இரண்டு பாகங்கள் இரு வேறு வழிகளில் பிறக்கின்றன. சக்கரத்துக்கு எஃகை உருக்குகிறார்கள். உருகியதை கிராஃபைட் அச்சுக்குள் அழுத்தத்தால் ஏற்றி வார்த்துவிடுகிறார்கள். இரு சக்கரங்களையும் கோக்கும் இருசை மட்டும் வார்ப்பதில்லை. கட்டையாக வரும் எஃகைச் செக்கச்செவேலென்று காய்ச்சி, நான்கு புறமிருந்தும் சுத்தியல்களால் அடித்து நீட்டுகிறார்கள். உருக்கு உலை அதே வளாகத்தில் எரிந்துகொண்டிருக்க, இருசுக்கு மட்டும் எதற்கு இத்தனை அடி?

இருசு படும் பாட்டைப் பார்த்தால் விளங்கும். பெட்டியின் எடை அதைக் கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு வளைக்கிறது. வளைந்த தண்டின் ஒரு பக்கம் இழுபடும், எதிர்ப்பக்கம் அமுங்கும். தண்டு சுழல்வதால், இப்போது இழுபடுகிற இடம் அரைச் சுற்றில் அமுங்குகிறது. மறு அரைச் சுற்றில் மீண்டும் இழுபடுகிறது. பயணிகள் பெட்டியின் சக்கரம் சுமார் 915 மில்லிமீட்டர் விட்டம் கொண்டது. ஒரு கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 350 சுற்று. சென்னையில் ஏறி டெல்லியில் இறங்குவதற்குள் இருசின் ஒவ்வொரு புள்ளியும் ஏழரை லட்சம் முறை இழுபட்டு அமுங்கியிருக்கும். உள்ளே ஓர் ஊசிமுனைப் பொத்தல் இருந்தாலும் போதும், அதன் ஓரத்தில் விரிசல் பிறந்து சுற்றுக்குச் சுற்று கொஞ்சம் கொஞ்சமாக வளரும்.

ஐரோப்பா இதைப் பெரிய விலை கொடுத்துத்தான் தெரிந்துகொண்டது. 1842 மே 8 அன்று வெர்சாயிலிருந்து பாரிசுக்குத் திரும்பிக்கொண்டிருந்த ரயிலின் எஞ்சின் இருசு ஒடிந்தது. பின்னால் வந்த பெட்டிகள் எஞ்சின்மேல் ஏறித் தீப்பிடித்தன. அந்நாள் வழக்கப்படி பெட்டிக் கதவுகளை வெளியிலிருந்து பூட்டியிருந்தார்கள். ஐம்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அண்டார்டிகா வரை கப்பலோட்டிச் சென்று உயிரோடு திரும்பிய ட்யூமோன் துர்வில்லும் மனைவி மகனோடு அதில் மாண்டார். உலோகம் களைத்து ஒடியும் விதத்தைப் பற்றிய ஆராய்ச்சி தீவிரமானது இந்த விபத்துக்குப் பிறகுதான்.

இருசுக்குள் அந்தப் பொத்தல் எங்கிருந்து வரும்? உருகிய எஃகு உறையும்போது சுருங்குகிறது. வெளிப்புறம் முதலில் இறுகிவிடுவதால், கடைசியில் உறையும் நடுப்பகுதிக்கு இட்டு நிரப்ப உலோகம் போதாமல் நுண்ணிய வெற்றிடங்கள் தங்கிவிடுகின்றன. படிகங்களும் பெரிது பெரிதாக, ஒழுங்கில்லாமல் வளர்ந்திருக்கும். அந்தக் கட்டையைச் சூடாக்கி அடித்தால் வெற்றிடங்கள் நசுங்கி, அவற்றின் சுவர்கள் ஒட்டிக்கொள்கின்றன. பெரிய படிகங்கள் சிதைந்து, அவை இருந்த இடத்தில் பொடிப்பொடியான புதிய படிகங்கள் முளைக்கின்றன. எஃகில் எஞ்சியிருக்கும் கசடுத் துணுக்குகள் நீளவாக்கில் இழுபட்டு, மரத்தின் வரிகள்போல ஒரு திசையில் வரிசை கட்டுகின்றன. இப்படி அடித்து உருவாக்கிய பாகம் ஒன்றை நெடுக்காக அறுத்து, மெருகேற்றி, சூடான அமிலத்தில் தோய்த்தால் அந்த வரிகளை வெறுங்கண்ணாலேயே பார்க்கலாம். கார் எஞ்சினின் கிராங்க் தண்டில் அவை வளைவுக்கு வளைவு ஒடியாமல் திரும்பிச் செல்லும். அதே தண்டை ஒரு முழுக் கட்டையிலிருந்து கடைந்து எடுத்திருந்தால் ஒவ்வொரு திருப்பத்திலும் வரி அறுபட்டிருக்கும்.

இதற்காக வார்ப்பு மட்டமென்று யாரும் முடிவு கட்டவேண்டாம். கவனமாக வார்த்த சக்கரங்கள் பல லட்சம் கிலோமீட்டர் ஓடுகின்றன. எந்த வேலைக்கு எது என்பதுதான் கேள்வி.

ஆனால் அதற்கு முன்பே ஒரு கேள்வி இருக்கிறது. திடப்பொருள் எப்படி ஓடும்? கண்ணாடியை அடித்தால் நொறுங்குகிறது, செங்கல்லை அடித்தால் உடைகிறது. செம்பை அடித்தால் மட்டும் ஏன் பரவுகிறது? உலோகத்தில் அணுக்கள் வரிசை வரிசையாக அடுக்கப்பட்டிருக்கின்றன. அடி விழும்போது ஓர் அடுக்கு மற்றோர் அடுக்கின்மேல் வழுக்குகிறது என்று நினைப்பது இயல்பு. 1926-ல் ரஷ்ய இயற்பியலாளர் யாக்கோவ் பிரெங்கல், ஒரு முழு அடுக்கை ஒரே வீச்சில் வழுக்கச் செய்ய எவ்வளவு விசை வேண்டும் என்று கணக்கிட்டார். வந்த விடை தலையைச் சுற்ற வைத்தது. தூய உலோகப் படிகங்களோ அந்தக் கணக்கில் ஆயிரத்தில் ஒரு பங்கு விசைக்கே மசிந்து கொடுத்தன. கணக்கில் பிழையில்லை; உலோகம்தான் வேறு ஏதோ குறுக்குவழியில் போகிறது.

அந்தக் குறுக்குவழியை 1934-ல் மூன்று பேர் தனித்தனியாகக் கண்டுபிடித்தார்கள்: இங்கிலாந்தில் ஜி.ஐ. டெய்லர், ஹங்கேரியில் பிறந்த எகோன் ஒரோவான், பிற்காலத்தில் தத்துவத்துக்குத் தாவிவிட்ட மைக்கேல் போலானி. அடுக்கு மொத்தமாக நகர்வதில்லை. படிகத்தில் ஆங்காங்கே ஒரு வரிசை பாதியில் நின்றுபோன பிறழ்வுகள் இருக்கின்றன. அந்தப் பிறழ்வுதான் ஓர் அணு தூரம், இன்னோர் அணு தூரம் என்று நகர்ந்து மறுகரை சேர்கிறது. கூடம் நிறைய விரித்த பவானி ஜமக்காளத்தை அப்படியே பிடித்து இழுக்க நாலு ஆள் வேண்டும். ஓர் ஓரத்தில் சுருக்கம் எழுப்பி, அதைக் காலால் தள்ளிக்கொண்டே மறுகோடிக்குக் கொண்டுபோனால் ஒரே ஆளால் ஜமக்காளத்தை நகர்த்திவிடலாம். பிறழ்வு செய்யும் வேலை அதுதான். பெரும்பாலான பொருள்களுக்குக் குறைபாடு பலவீனம். உலோகத்துக்கோ அதுவே வளையும் திறனாக வாய்த்திருக்கிறது.

சிறிய செம்புக் கம்பி ஒன்றை எடுத்து ஒரே இடத்தில் முன்னும் பின்னும் வளைத்துப் பார்க்கலாம். முதல் வளைவு எளிது. நாலாவது, ஐந்தாவது வளைவில் கம்பி முரண்டு பிடிக்கும். வளைக்க வளைக்கப் பிறழ்வுகள் பெருகி, ஒன்றையொன்று முட்டி, வழியடைத்து நிற்கின்றன. நன்றாகக் காய்ச்சி ஆறவிட்டு இளக்கிய உலோகத்தின் ஒரு கனசென்டிமீட்டரில் உள்ள பிறழ்வுக் கோடுகளையெல்லாம் ஒன்றோடொன்று முடிந்தால் பத்து முதல் சில நூறு கிலோமீட்டர் வரை நீளும். குளிர்நிலையில் கடுமையாக அடிபட்ட உலோகத்தில் அதே நீளம் ஒரு கோடி கிலோமீட்டரை எட்டும். பூமிக்கும் நிலவுக்கும் உள்ள தூரத்தைப்போல ஏறத்தாழ 26 மடங்கு, ஒரு சர்க்கரைக்கட்டி அளவு உலோகத்துக்குள்!

முரண்டு பிடித்த கம்பியை அடுப்புச் சுடரில் சிவக்கக் காட்டி ஆறவிட்டால் மறுபடி இளகிவிடும். வெப்பத்தில் அணுக்கள் தங்களை ஒழுங்குபடுத்திக்கொண்டு, சிக்கலில்லாத புதுப் படிகங்களை வளர்க்கின்றன. செம்புக் குடம் தட்டும் கன்னார்கள் நடுநடுவே குடத்தை நெருப்பில் காட்டுவது இதனால்தான். தொழிற்சாலையில் இதை அனீலிங் என்பார்கள்.

புதுப் படிகம் முளைக்கும் வெப்பத்துக்கு மேலே வைத்து அடித்தால் அது சூட்டு வேலை. கீழே வைத்து அடித்தால் குளிர் வேலை. கை சுடுகிறதா என்பது இங்கே கணக்கில்லை. ஈயத்தை அறை வெப்பத்தில் தட்டினாலே அது சூட்டு வேலைதான், ஏனென்றால் அந்த வெப்பத்திலேயே அதன் படிகங்கள் தம்மைப் புதுப்பித்துக்கொள்ளும். டங்ஸ்டனையோ 1000 டிகிரி செல்சியஸில் ஒளிர ஒளிர அடித்தாலும் அது குளிர் வேலைதான்.

சூடு கூடினால் நல்லதுதானே என்று நினைத்து ஐரோப்பியக் கொல்லர்கள் ஒருமுறை ஏமாந்தார்கள். அவர்கள் கைக்குப் போனது தென்னிந்திய எஃகு. மேல்சிறுவளூர் போன்ற தமிழக ஊர்களிலும் தெலங்கானாவின் கோனசமுத்திரத்திலும் மூடிய மண்மூசைகளில் காய்ச்சிய, வூட்ஸ் என்று வெளிநாட்டில் பெயரெடுத்த எஃகு. 1795-ல் ஜார்ஜ் பியர்சன் லண்டன் ராயல் சொசைட்டியில் இதைப் பற்றிய ஆய்வைப் படித்த காலத்தில் அங்கே பலரும் இதை அடித்துப் பார்த்துக் கைவிட்டிருந்தார்கள். வெண்சூட்டில் வைத்துச் சம்மட்டியை இறக்கினால் கட்டி பொலபொலவென்று உதிர்ந்தது. காரணம் கரிமம். சாதாரண இரும்பில் இருப்பதைவிடப் பன்மடங்காக, ஒன்று முதல் இரண்டு விழுக்காடு வரை கரிமம் இருந்ததால், அந்த வெப்பத்தில் படிகங்களின் எல்லைகள் உருகத் தொடங்கிவிட்டன. இந்த எஃகுக்கு உகந்தது மங்கலான செஞ்சூடு. அடி, காய்ச்சு, மறுபடி அடி என்று பொறுமையாகப் போகவேண்டும். அமெரிக்காவில் உலோகவியலாளர் ஜான் வெர்ஹோவனும் கத்தி வடிக்கும் ஆல்ஃபிரட் பெண்ட்ரேயும் சேர்ந்து செய்த சோதனைகள் இன்னொன்றையும் காட்டின. இந்த எஃகில் வடித்த டமாஸ்கஸ் வாளின் அலையலையான கோலம் உருக்கும்போது வருவதில்லை. வனேடியம் போன்ற தனிமங்கள் துளியளவு கலந்திருக்க, மிதமான சூட்டில் திரும்பத் திரும்பக் காய்ச்சி அடிப்பதால் கார்பைடு துகள்கள் வரிசை கூடி உருவாகும் கோலம் அது. எஃகு இங்கே பிறந்தது. கோலத்தை எழுதியது சம்மட்டி.

கை ஓங்கி அடிக்கும் சம்மட்டிக்கு ஓர் எல்லை உண்டு. நீராற்றலில் இயங்கிய பழைய பெருஞ்சுத்தியல்கள் ஏற்றம்போல ஒரு முனையில் எழுந்து விழுந்தன. அவற்றில் ஒரு வேடிக்கையான குறை: அடியில் வைக்கும் இரும்பு பருமனாக ஆக, சுத்தியல் விழும் உயரம் குறைந்துகொண்டே வரும். பெரிய அடி எங்கே வேண்டுமோ அங்கே சின்ன அடிதான் விழும். 1839-ல் பொறியாளர் புருனெல் கட்டிக்கொண்டிருந்த ‘கிரேட் பிரிட்டன்’ கப்பலின் துடுப்புச் சக்கரத்துக்கு 30 அங்குல விட்டத்தில் தண்டு தேவைப்பட்டது. அதை அடிக்க பிரிட்டனில் எந்தப் பட்டறையும் முன்வரவில்லை. மான்செஸ்டர் அருகே பட்டறை வைத்திருந்த ஜேம்ஸ் நாஸ்மித் தன் குறிப்பேட்டில் விடையை வரைந்தார். நீராவி உருளை ஒன்றைத் தலைகீழாக நிறுத்தி, அதன் பிஸ்டன் தண்டில் இரும்புப் பாளத்தைத் தொங்கவிட்டு, தூக்கி விழவைப்பது. கப்பலோ மனம் மாறி, துடுப்புச் சக்கரத்தை விட்டுவிட்டு உந்துசுழலிக்குப் போய்விட்டது. வரைபடம் ஏட்டிலேயே தூங்கியது.

நாஸ்மித் வெளியூர் போயிருந்த ஒரு சமயம் லெ க்ரூசோவின் ஷ்னைடர் ஆலையிலிருந்து வந்த பிரெஞ்சுக்காரர்கள் அந்த ஏட்டைப் பார்த்துவிட்டுப் போயிருந்தார்கள். 1842-ல் அவர் பிரான்சுக்குப் போனபோது பெரியதொரு எஞ்சின் பாகம் அழகாக அடித்து முடிக்கப்பட்டிருப்பதைக் கண்டு, எப்படிச் செய்தீர்கள் என்று கேட்டார். உங்கள் சுத்தியலால்தான் என்றார்கள். அங்கே அது உயிரோடு இயங்கிக்கொண்டிருந்தது! ஊர் திரும்பியதும் முதல் வேலையாகக் காப்புரிமை வாங்கினார். அவருடைய சுத்தியல், மதுக்கோப்பையில் வைத்த முட்டையின் ஓட்டை மட்டும் உடைத்துக் கோப்பையை விட்டுவைக்கும் அளவுக்கு அடங்கி நடந்தது. வருகிறவர்களுக்கெல்லாம் அந்த வித்தையைக் காட்டுவார்களாம். ஷ்னைடர் ஆலை 1877-ல் நிறுத்திய 100 டன் நீராவிச் சுத்தியல் இன்றும் லெ க்ரூசோ நகரில் நினைவுச் சின்னமாக நிற்கிறது.

நினைவுச் சின்னமாக நிற்பதற்குக் காரணம் உண்டு. அடி சட்டென்று விழுந்து சட்டென்று முடிந்துவிடுவதால் அதன் ஆற்றலில் பெரும்பங்கு மேற்பரப்பிலேயே செலவாகிவிடுகிறது. கட்டை பெரிதானால் நடுவயிறு அடியை உணர்வதேயில்லை. வெற்றிடங்கள் இருப்பதோ அந்த நடுவயிற்றில். மெல்ல மெல்ல இறங்கி, விடாமல் அழுத்தும் ஹைட்ராலிக் பிரஸ்தான் அதைத் தொடும். ஜப்பானின் முரோரானில் உள்ள ஜப்பான் ஸ்டீல் வொர்க்ஸ் ஆலையில் 14,000 டன் பிரஸ் ஒன்று, அறுநூறு டன்னுக்கும் மேற்பட்ட எஃகுப் பாளங்களைப் பிசைந்து அணு உலைக் கலன்களுக்கான வளையங்களாக மாற்றுகிறது. அதே வளாகத்தில் பழைய முறையில் வாள் வடிக்கும் சிறு பட்டறையும் இருக்கிறது. 

இரண்டாம் உலகப்போருக்குப் பிறகு பிரஸ்கள் அரசியலாயின. ஜெர்மானிய விமானங்களில் பெரிய பெரிய பாகங்கள் ஒரே துண்டாக இருப்பதைக் கண்ட அமெரிக்கர்கள், அவற்றை அழுத்திய ஜெர்மனியின் ஆகப்பெரிய பிரஸ் சோவியத் கைக்குப் போனதை அறிந்து பதறினார்கள். 1950-களில் அமெரிக்க விமானப்படை பத்து ராட்சத எந்திரங்களை நிறுவியது. அவற்றில் இரண்டு 50,000 டன் பிரஸ்கள். ஒன்று கிளீவ்லாந்தில், மற்றது மாசச்சூசெட்ஸில். கிளீவ்லாந்து பிரஸ் 2008-ல் விரிசல் விட்டது. தூக்கியெறியாமல் பழுது பார்த்து 2012-ல் மீண்டும் ஓட்டினார்கள். பிற்பாடு ரஷ்யா 75,000 டன்னிலும், சீனா 80,000 டன்னிலும் பிரஸ் நிறுத்தின. நூறு துண்டுகளை ரிவெட் அடித்து இணைப்பதற்குப் பதில் ஒரே அழுத்தில் ஒரே துண்டு என்றால் விமானத்தின் எடையும் குறைகிறது, விரிசல் பிறக்கும் துளைகளும் குறைகின்றன.

அடிப்பதும் அழுத்துவதும் துண்டு துண்டான வேலை. ஓயாமல் ஓடும் வேலைக்கு உருளைகள் வேண்டும். 1783-ல் இங்கிலாந்தின் ஹென்றி கோர்ட், பள்ளம் வெட்டிய உருளைகளுக்கிடையே இரும்பைச் செலுத்திக் கம்பியாக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். சுத்தியல் ஒரு டன் இரும்பை அடித்து முடிக்கும் நேரத்தில் உருளைகள் 15 டன்னை முடித்தன என்று சொல்வதுண்டு. கோர்ட்டுக்கு அதனால் காசு சேரவில்லை. கூட்டாளியின் குடும்பம் தொழிலில் போட்டது கையாடிய அரசுப் பணம் என்று தெரியவர, காப்புரிமைகள் பறிபோய் அவர் திவாலானார்.

உருளை செய்யும் வேலை பார்வைக்கு எளிது, உள்ளே சூட்சுமம். உலோகத்தை உருளைகளின் இடுக்குக்குள் இழுத்துக்கொள்வது உராய்வுதான். உராய்வு போதாவிட்டால் கட்டை வாயிலேயே நின்று வழுக்கும். உருளை பெரிதாக இருந்தால் பெரிய வாய். ஒரே கடியில் அதிகம் மெலிக்கலாம். நுழையும்போது தகடு உருளையின் பரப்பைவிட மெதுவாகப் போகிறது. மெலிய மெலிய வேகமெடுத்து, வெளியேறும்போது உருளையையே முந்திவிடுகிறது. நடுவில் ஏதோ ஒரு கோட்டில் மட்டுமே இரண்டின் வேகமும் சமம். இந்த இடுக்கில் எழும் அழுத்தத்தைக் கணக்கிடும் நுட்பமான கோட்பாட்டை 1943-ல் எழுதியவர், பிறழ்வைக் கண்டுபிடித்த அதே ஒரோவான்தான்.

இன்றைய சூட்டு உருட்டாலையில் 250 மில்லிமீட்டர் தடித்த, பத்து மீட்டர் நீளமான எஃகுப் பலகை 1200 டிகிரியில் உள்ளே போகிறது. அகலம் மாறாமல் அதே பலகை 2 மில்லிமீட்டர் தகடாகும்போது அதன் நீளம் 1,250 மீட்டர். வரிசையாக நிற்கும் ஆறேழு ஜோடி உருளைகளின் ஊடே ஒரே தகடு ஒரே நேரத்தில் ஓடும். ஒவ்வொரு ஜோடியிலும் மெலிவதால் அடுத்த ஜோடி அதற்கேற்ற வேகத்தில் சுழலவேண்டும். கணக்குக் கொஞ்சம் தப்பினால் செந்தகடு மேலே எழும்பி, மடங்கி, ஆலைக்குள் நெருப்பு நாடாவாகக் குவியும். அகலத் தகட்டை இப்படி ஓயாமல் உருட்ட முடியும் என்பதை 1920-களில் அமெரிக்காவின் ஆஷ்லாந்தில் நடத்திக் காட்டியவர் ஜான் டைட்டஸ். காகித ஆலைக் குடும்பத்தில் பிறந்தவர். காகிதம் தடையில்லாமல் ஓடுவதைப் பார்த்து வளர்ந்த கண்ணுக்கு, எஃகுத் தகட்டை ஆட்கள் இடுக்கியால் பிடித்துத் திரும்பத் திரும்ப உருளைக்குள் நுழைப்பது பொறுக்கவில்லை.

தண்டவாளத்தின் கதை வேறு. பிலாய் எஃகாலை 130 மீட்டர் நீளத்துக்கு ஒரே துண்டாகத் தண்டவாளம் உருட்டுகிறது. இரண்டை ஒட்டி 260 மீட்டராக அனுப்புகிறது. உருட்டி முடித்த செஞ்சூட்டிலிருந்து ஆறுவதற்குள் அந்த 130 மீட்டர் ஏறத்தாழ ஒன்றரை மீட்டர் சுருங்கிவிடும். சிக்கல் அதிலில்லை. தண்டவாளத்தின் தலை கனம், அடிப்பகுதி அகன்று மெலிந்தது. மெலிந்தது முதலில் ஆறிவிட, தலை பிந்தி ஆறிப் பிந்திச் சுருங்கி மொத்தத் தண்டவாளத்தையும் தன் பக்கம் வளைத்துவிடும். ஆகவே நவீன ஆலைகளில் சூடாக இருக்கும்போதே அதை எதிர்ப்பக்கம் வேண்டுமென்றே வளைத்துப் படுக்க வைக்கிறார்கள். ஆற ஆறத் தானே நிமிர்கிறது. மிச்சமிருக்கும் நெளிவை நேராக்கும் உருளைகள் எடுக்கின்றன.

மெல்லிய தகட்டுக்கு வந்தால் கணக்கு தலைகீழாகிறது. கடினமான தகட்டைக் குளிர்நிலையில் மெலிக்கப் பெரிய உருளை உதவாது. தகடு மெலிவதற்குப் பதில் உருளையே தட்டையாகிவிடும். சிறிய உருளை தகட்டைத் தொடும் பரப்பு குறைவு, வேண்டிய விசையும் குறைவு. ஆனால் ஒல்லி உருளை வில்லாக வளையுமே? போலந்துக்காரரான ததேயுஷ் செண்ட்சிமிர் கண்ட வழி: தகட்டின் மேலே ஒன்று, அதைத் தாங்க இரண்டு, அவற்றைத் தாங்க மூன்று, பின்னால் நான்கு; கீழேயும் அப்படியே. மொத்தம் இருபது உருளைகள். அவர் நாடான போலந்தில் லெனின் பெயர் தாங்கியிருந்த க்ரக்கோவ் எஃகாலைக்கு 1990-ல் செண்ட்சிமிர் பெயரைச் சூட்டினார்கள்.

சேலத்தில் கஞ்சமலை அடிவாரத்து எஃகாலையில் துருப்பிடிக்காத எஃகைத் தகடாக உருட்டுவது இந்த வகை எந்திரம்தான். மலையின் இரும்புத் தாதுவை நம்பிப் பேசப்பட்ட திட்டம், கடைசியில் 1980-களின் தொடக்கத்தில் குளிர் உருட்டாலையாகப் பிறந்தது. அங்கிருந்து போகும் சுருள்கள் பல இடங்களில் வெட்டுப்பட்டு, டை எனும் அச்சுகளுக்குள் அழுந்தி, டம்ளராகவும் தூக்குவாளியாகவும் சமையலறைத் தொட்டியாகவும் வீடு சேர்கின்றன.

அந்த அழுத்தத்துக்கு ஒரு பக்க விளைவு உண்டு. குரோமியத்தோடு நிக்கல் கலந்த 304 ரகத் தகடு காந்தத்தை இழுக்காது. அதையே குளிர்நிலையில் பலமாக இழுத்து வளைத்தால், வளைந்த இடத்தில் படிகங்களின் அடுக்கே மாறி, மார்ட்டென்சைட் என்ற கடினமான, காந்தத்தன்மையுள்ள வடிவம் கொஞ்சம் பிறந்துவிடுகிறது. தொட்டியின் சமதளத்தில் ஒட்டாத காந்தம் மூலை வளைவில் லேசாக ஒட்டுவது இதனால். பாத்திரக் கடையில் காந்தத்தை வைத்துப் பார்த்து, ஒட்டினால் மட்டமான எவர்சில்வர் என்று ஒதுக்கும் பழக்கம் பலருக்கும் இருக்கிறது. பாத்திரம் முழுவதும் ஒரே சீராக, பலமாக ஒட்டினால் அது நிக்கல் கலக்காத வேறு ரகம். அதுவும் துருப்பிடிக்காத எஃகுதான். விளிம்பிலும் வளைவிலும் மட்டும் லேசாக ஒட்டினால் அதை வைத்துக் கடைக்காரரைச் சந்தேகிக்க வேண்டியதில்லை.